மஸ்கட் சுல்தானுக்குப் போன வெள்ளி டொலர்



பழைய நாணயங்கள் பற்றிய விளம்பரங்கள் இப்போது நம் எல்லோருடைய கைபேசிகளிலும் வந்து விழுகின்றன. "அமெரிக்க வெள்ளி டொலர், சான்றிதழ் உள்ளது, அரிய வாய்ப்பு" என்று ஒரு படம். இளைஞர்கள் சிலர் அதைக் காட்டி, "சேர், இது உண்மையா?" என்று கேட்கிறார்கள். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்வதைவிட, உலகில் அதிகம் பேசப்பட்ட ஓர் அமெரிக்க வெள்ளி நாணயத்தின் வரலாற்றைச் சொன்னால் விடயம் விளங்கும். அதில் ஓர் அரபுச் சுல்தானுக்கும் பங்குண்டு. சற்று நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

1804 என்று ஆண்டு பொறிக்கப்பட்ட அந்த வெள்ளி டொலர், 2021 ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவில் 76 இலட்சத்து 80 ஆயிரம் டொலருக்கு ஏலம் போனது. ஆனால் அது 1804இல் அடிக்கப்பட்ட நாணயமே அல்ல.

அமெரிக்கா தனது முதலாவது வெள்ளி டொலரை 1794இல் அடித்தது. அந்த டொலர்கள் நாட்டுக்குள் தங்கவில்லை. வணிகர்கள் அவற்றை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோய், சற்றுப் பாரம் கூடிய ஸ்பானிய டொலர்களாக மாற்றி இலாபம் பார்த்தார்கள். அடிக்க அடிக்க வெளியே போகும் காசை எதற்கு அடிப்பது என்று 1804உடன் டொலர் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த ஆண்டில் 19,570 டொலர்கள் அடிக்கப்பட்டதாக நாணயசாலைப் பதிவேடு சொல்கிறது. ஆனால் அவற்றில் இருந்தது முந்தைய ஆண்டுகளின் இலக்கம். அச்சு தேயும்வரை பழைய அச்சையே பாவிப்பது அக்கால வழக்கம்.

முப்பது ஆண்டுகள் கழிந்தன. எட்மண்ட் ரொபர்ட்ஸ் என்ற வணிகரை, ஜனாதிபதி அன்ட்ரூ ஜக்சன் கிழக்கு நாடுகளுடன் ஒப்பந்தம் செய்ய அனுப்பிவைத்தார். 1833இல் ரொபர்ட்ஸ் சியாம் அரசருடனும் மஸ்கட் சுல்தானுடனும் ஒப்பந்தம் செய்துகொண்டார். அந்தச் சுல்தான்தான் செய்யித் ஸஈத் பின் சுல்தான். ஓமான் முதல் கிழக்கு ஆபிரிக்காவின் சன்சிபார் வரை கடல் வணிகத்தைக் கையில் வைத்திருந்தவர். அமெரிக்கக் கப்பல்கள் கராம்பும் யானைத் தந்தமும் தேடி அவருடைய துறைமுகங்களுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது.

ஒப்பந்தத்தை உறுதிசெய்து கையளிக்கப் போகும்போது வெறுங்கையோடு போகலாமா? அமெரிக்க நாணயங்களில் ஒவ்வொரு வகையிலும் ஒன்று வைத்து அழகான தொகுதிகள் செய்யும்படி 1834இல் அரசாங்கம் பிலடெல்பியா நாணயசாலையைக் கேட்டது. வெள்ளி டொலரும் தேவை. ஆனால் முப்பது ஆண்டுகளாக டொலர் அடிக்கவில்லையே! அதிகாரிகள் பதிவேட்டைப் புரட்டினார்கள். கடைசியாக டொலர் அடித்த ஆண்டு 1804 என்று இருந்தது. புதிதாக அச்சுச் செய்து, 1804 என்று பொறித்து, 1834இல் நாணயம் அடித்தார்கள். முன்னர் ஒருபோதும் இருந்திராத ஒரு நாணயம் இப்படித்தான் பிறந்தது. ரொபர்ட்ஸ் 1835இல் மஸ்கட்டிலும் 1836இல் சியாமிலும் தொகுதிகளைக் கையளித்தார். அதே 1836இல் மக்காவோவில் நோயுற்று இறந்துபோனார்.

சுல்தானும் சும்மா இருக்கவில்லை. அவருடைய 'அஸ்-சுல்தானா' என்ற கப்பல் 1840இல் நியூயோர்க் துறைமுகத்தில் போய் நின்றது. அஹ்மத் பின் நுஃமான் என்ற அவருடைய பிரதிநிதி, ஜனாதிபதி வான் பியூரனுக்கு அரபுக் குதிரைகளையும் வேறு பரிசில்களையும் கொண்டுபோயிருந்தார். அமெரிக்க அரசியலமைப்பின்படி ஜனாதிபதி வெளிநாட்டு மன்னரிடம் தனக்கென்று பரிசு பெற முடியாது. ஆகவே அவை அரசுக்குப் போயின. குதிரைகள் விற்கப்பட்டு, பணம் திறைசேரியில் சேர்ந்தது. அந்தக் கப்பலை அமெரிக்கக் கடற்படைத் தளத்தில் பழுதுபார்த்துக் கொடுத்து, மரியாதையாக வழியனுப்பினார்கள்.

இனி அந்த டொலருக்கு வருவோம். சேகரிப்பாளர்களுக்கு 1804 டொலர் என்றால் பித்துப் பிடித்தது. 1858ஐ அண்டிய காலத்தில் நாணயசாலையில் இருந்தவர்களே திருட்டுத்தனமாக மேலும் சில டொலர்களை அடித்து வெளியே விட்டார்கள். அவற்றில் ஒன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நூதனசாலையில் இருக்கிறது. அதை உற்றுப் பார்த்தால், அடியில் 1857ஆம் ஆண்டுச் சுவிட்சர்லாந்து நாணயம் ஒன்றின் சுவடு தெரியும். வேறொரு நாட்டுக் காசின் மேலேயே அடித்திருக்கிறார்கள்! 1857ஆம் ஆண்டுக் காசின்மேல் அடித்த நாணயம் 1804இல் பிறந்திருக்க முடியுமா?

1834இல் அடித்த எட்டு நாணயங்களும் தங்களைத் தாங்களே காட்டிக்கொடுத்தன. விளிம்பைச் சுற்றி வளையம் இறுகப் பிடிக்க அடிக்கும் முறை 1804இல் அந்த நாணயசாலையில் இல்லை. இந்த நாணயங்களின் விளிம்பு எழுத்துகள் அந்த வளையத்தில் நசுங்கியிருக்கின்றன. எரிக் நியூமன், கென்னத் பிரெசெட் என்ற இரு ஆய்வாளர்கள் ஆவணங்களையும் நாணயங்களையும் பக்கத்தில் வைத்து ஆராய்ந்து, 1962இல் ஒரு நூலில் இந்தக் கதை முழுவதையும் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் சியாம் அரசருக்குக் கொடுத்த தொகுதியும் வெளிவந்து, அவர்களது முடிவை உறுதிப்படுத்தியது.

நாம் முதலில் சொன்ன, 2021இல் விற்ற நாணயம் மஸ்கட் சுல்தானுடையது என்று அழைக்கப்படுகிறது. அதுவும் இன்று ஒரு சான்றிதழ்ப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற இரு நிறுவனங்கள் உருவாகின. நாணயத்தைப் பரிசோதித்து, 1 முதல் 70 வரையான அளவில் புள்ளி கொடுத்து, இலக்கத்தோடு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் தருவது இவர்களது தொழில். சுல்தானின் டொலருக்கு 68 புள்ளி. ஆனால் புள்ளி சொல்வது உலோகத்தின் கதையை மட்டுமே. அந்த நாணயம் இங்கிலாந்தின் லிவர்பூலில் ஒரு சேகரிப்பாளரிடம் இருந்து, 1917இல் லண்டனில் ஏலம் விடப்பட்டது தெரியும். மஸ்கட்டிலிருந்து லிவர்பூலுக்கு யார் கை மாறி வந்தது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை. அது சுல்தானுடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அவ்வளவுதான்.

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. மத்ன் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஸனதில் ஒரு கண்ணி விடுபட்டால் முஹத்திஸீன்கள் அந்த இடத்தில் நின்று கேள்வி கேட்டார்கள். நாணயத்துக்கும் ஊர் வரலாற்றுக்கும் அதே கேள்விதான். யார் சொன்னார்? அவர் யாரிடம் கேட்டார்? ஓர் அரசாங்கத்தின் முத்திரையே முப்பது ஆண்டு தவறான திகதியைத் தாங்கி வரலாம் என்றால், வாட்ஸ்அப்பில் வரும் "வரலாற்று ஆதாரம்" எம்மாத்திரம்? ஊர்ப் பெயருக்கும் காணிக்கும் பள்ளிவாசலின் பழமைக்கும் நாம் ஆதாரம் காட்டவேண்டிய காலம் இது. பொய்யான ஓர் ஆதாரத்தைத் தூக்கிப் பிடித்தால், நம்மிடம் இருக்கும் உண்மையான ஆதாரமும் மதிப்பிழந்து போகும்.

கடைசியாக, கேட்ட இளைஞர்களுக்காக. 1878இல் தொடங்கிய 'மோர்கன்' வகை டொலர்தான் விளம்பரங்களில் அதிகம் வருகிறது. அசல் 26.73 கிராம் பாரம், 38.1 மில்லிமீற்றர் விட்டம். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. சன்பிரான்சிஸ்கோவில் 1893இல் அடித்த மோர்கன் டொலர்கள் ஒரு இலட்சம் மட்டுமே. ஆகவே மலிவான நாணயத்தில் அந்த நாணயசாலையின் 'எஸ்' எழுத்தை ஒட்டி விற்கும் மோசடி உண்டு. சான்றிதழ்ப் பெட்டியையே போலியாகச் செய்பவர்களும் உண்டு. பெட்டியில் உள்ள இலக்கத்தை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, படத்தையும் நாணயத்தையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

உம்மாமாரின் பெட்டியில் பழைய நாணயம் எதுவும் கிடைத்தால், புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பளபளப்பு வரும், பெறுமதி போய்விடும். யாரிடமிருந்து, எப்போது, எப்படி வந்தது என்று மூத்தவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, அதனோடு வைத்துவிடுங்கள். மஸ்கட் சுல்தானின் டொலருக்கு இல்லாமல் போனது அந்த ஒரு தாள்தான்.