ஒடேசா (திரைப்பட மக்கள் குழு)

ஒடேசா, கேரளத்தின் கோழிக்கோட்டை மையமாகக் கொண்டு 1984இல் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய திரைப்படக் குழு. முதலாளியின் பணத்தையோ வட்டிக்கு வாங்கிய கடனையோ நம்பாமல், மக்களிடம் நேரடியாக நன்கொடை திரட்டிப் படம் எடுப்பதும், எடுத்த படத்தை அவர்கள் இருக்கும் ஊருக்கே கொண்டுபோய்த் திரையிடுவதும் இதன் நோக்கம். 'அம்ம அறியான்' (1986) இக்குழுவின் பெயரை நிலைநிறுத்திய மலையாளப் படம்.

நிறுவியவர்

குட்டநாட்டைச் சேர்ந்த ஜான் ஆபிரகாம் 1937இல் பிறந்தவர். ஆயுள் காப்பீட்டுக் கழக வேலையை விட்டுவிட்டுப் புனே திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ரித்விக் கட்டக்கின் மாணவரானார். மணி கௌலின் 'உஸ்கி ரோட்டி' படத்தில் உதவியாளராகப் பணிபுரிந்தார்.

தமிழர்கள் அவரை அறிந்தது 'அக்ரகாரத்தில் கழுதை' (1977) வழியாக. தாயை இழந்த கழுதைக்குட்டி ஒன்றைப் பேராசிரியர் ஒருவர் எடுத்து வளர்க்க, அதனால் அக்ரகாரத்தில் எழும் பகையைச் சொன்ன படம் அது. வெங்கட் சாமிநாதன் திரைக்கதை எழுத, இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் பேராசிரியராக நடித்தார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. ஆனால் விருது பெற்ற இயக்குநருக்கும் அடுத்த படத்துக்குப் பணம் போட ஆள் கிடைப்பது அரிதாகவே இருந்தது. அந்தத் தடையைத் தாண்டும் வழியாகப் பிறந்ததுதான் ஒடேசா.

பணம் திரட்டிய முறை

குழுவினர் ஊர் ஊராகச் சென்றார்கள். தெருவில் பறை கொட்டி ஆள் சேர்த்தார்கள், தெருநாடகம் போட்டார்கள், சாப்ளினின் 'தி கிட்' போன்ற படங்களைத் திரையிட்டுத் துண்டேந்தினார்கள். தொழிலாளிகளும் மாணவர்களும் வீட்டுப் பெண்களும் கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். பணம் போட்டவர்களுக்கு லாபப் பங்கு எதுவும் பேசப்படவில்லை. கதையையும் நடிகரையும் தீர்மானிக்கும் உரிமை இயக்குநரிடமே இருந்தது. தயாரிப்பாளர் தலையீடு இல்லாத அந்த விடுதலைதான் சிறு தொகைகளால் ஒடேசா வாங்கிய பெருஞ்சொத்து.

அம்ம அறியான்

டெல்லிக்குப் புறப்பட்ட புருஷன் என்ற இளைஞன், வழியில் தற்கொலை செய்துகொண்ட ஒருவனின் உடலைப் பார்க்கிறான். எங்கோ பார்த்த முகம். பயணத்தைக் கைவிட்டு விசாரிக்கிறான். இறந்தவன் தபலா வாசிப்பவனான ஹரி என்று தெரிகிறது. ஹரியின் தாயிடம் செய்தி சொல்லக் கிளம்புகிறவனோடு, ஒவ்வோர் ஊரிலும் ஹரியை அறிந்தவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். கொச்சியை நெருங்கும்போது அது பெருங்கூட்டமாகிவிடுகிறது. சேர்கிற ஒவ்வொருவனும் தன் வீட்டுத் தாயிடம் சொல்லிவிட்டே கிளம்புகிறான். ஊருக்கு ஊர் ஆள் சேர்ந்து ஒரு காரியம் நிறைவேறுவது கதையின் கட்டமைப்பு. படம் உருவான முறையும் அதுவே. தயாரிப்பும் வடிவமும் இவ்வளவு நெருங்கி நிற்கும் படங்கள் இந்தியாவில் மிகச் சில.

ஜாய் மாத்யு புருஷனாக நடித்தார். தொழில்முறை நடிகர் அல்லாத பலர் உடன் நடித்தனர். கறுப்பு வெள்ளையில் வேணு ஒளிப்பதிவு செய்ய, பீனா பால் படத்தொகுப்பு செய்தார். படம் வணிக முறையில் வெளியாகவில்லை. குழுவினரே கேரளமெங்கும் கொண்டுசென்று காட்டினார்கள்.

பிற்காலம்

1987 மே 31 அன்று கோழிக்கோட்டில் கட்டடம் ஒன்றிலிருந்து விழுந்து ஜான் இறந்தார். 'அம்ம அறியான்' அவருடைய கடைசிப் படமானது. குழுவில் இருந்த ஒடேசா சத்யன் அதே பெயரில் ஆவணப்படங்கள் எடுத்துவந்தார். கவிஞர் ஏ. அய்யப்பனையும், நக்சல் தலைவர் வர்கீஸ் கொல்லப்பட்ட உண்மையை வெளியே சொன்ன காவலர் ராமச்சந்திரன் நாயரையும் பற்றிய படங்கள் அவற்றுள் அடங்கும். சத்யன் 2014இல் காலமானார்.

முக்கியத்துவம்

இணையம்வழி மக்கள் நிதி திரட்டும் வழக்கம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, ரசிகனைத் தயாரிப்பாளனாக்க முடியும் என்று ஒடேசா செய்துகாட்டியது. ஜானின் ஆளுமையைச் சார்ந்தே குழு இயங்கியதால், அவருக்குப் பின் அதே வீச்சில் கதைப்படங்கள் தொடரவில்லை. ஆனால் நல்ல படத்துக்குக் கூட்டம் இல்லை என்ற வாதத்துக்கு ஒடேசா வலுவான பதில். கூட்டத்தைத் தேடி அது தெருவுக்குப் போனது. மக்கள் பணம் கொடுத்தார்கள், படத்தையும் வந்து பார்த்தார்கள்.