ஜோலார்பேட்டையும் சிலீப்பர் கட்டையும்

ஜோலார்பேட்டை ஜங்ஷன்னாலே 1864ல பெங்களூர் லைன் பிரிஞ்ச கதையைத்தான் எல்லாரும் சொல்வாங்க. தண்டவாளத்துக்கு அடியில போன மரத்தைப் பத்திப் பேச்சே இருக்காது.

கணக்குப் போடுவோம் (பொட்டி தட்டுறவன் புத்தி!). கஜத்துக்கு ஒரு கட்டைன்னாலே மைலுக்கு 1760. 1856ல ஓடின ராயபுரம் - வாலாஜா பாதை அறுபது மைலுக்கு மேல. ஆக, அதுக்கு மட்டுமே லட்சம் கட்டை! சில வருஷத்துல உளுத்துப் போனா மறுபடி வெட்டணும். இன்ஜினுக்கு எரிக்கவும் விறகு.

மிஷின் மில் பரவறதுக்கு முன்னாடி அறுப்பு எப்படி? பெரிய அடிமரத்தைக் குழிக்கு மேல உருட்டி வச்சு, மேல ஒருத்தர், உள்ளே ஒருத்தர் நின்னு நீள ரம்பத்தை இழுக்கணும். தூள் பூரா கீழே நிக்கிறவர் கண்ணுல. கோடாலியால செதுக்கினா இன்னும் மோசம், கட்டையாக வேண்டியது சிராயாப் போயிடும்.

வட ஆற்காடு மலைகள் ரயிலுக்காக மொட்டையாகுதுன்னு அப்பவே எழுதினவர் ஹ்யூ கிளெக்ஹார்ன், 1856ல சென்னை மாகாணத்தோட முதல் வனக் காப்பாளர் ஆனவர். ஆனா மலைவாசிகள் காட்டைக் கொளுத்தி விதைக்கிற குமரி சாகுபடியையும் அவர்தான் கடுமையா எதிர்த்தார். எனக்கு இது உறுத்துது. கேழ்வரகு விதைச்சவனை நிறுத்தினாங்க. ரயில் நிக்கலை.