படகு இழுக்கப் போன கார்

டெட்ராய்ட்டில் ஃபிரெடரிக் சிப்லி என்றொரு மர வியாபாரி. 1914இல் அவருக்குத் தன் படகை வட மிச்சிகனில் உள்ள ஏரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கையில் இருந்தது ஃபோர்டு மாடல் டி. ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லரிடம் போனார். அவர் இரண்டே சக்கரம் வைத்து ஒரு வண்டி கட்டி, அதன் முன்முனை காரின் சட்டத்தின்மேல் உட்காரும்படி பூட்டிக் கொடுத்தார். படகு போய்ச் சேர்ந்தது. வியாபாரி சும்மா இருப்பாரா? பலகை ஏற்றவும் அதே மாதிரி வண்டி கேட்டார். 1918இல் ஃப்ரூஹாஃப் டிரெய்லர் கம்பெனி பிறந்துவிட்டது.

மிச்சிகனில் பிக்கப் வைத்துப் படகு இழுப்பவன் நான். இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அந்த முன்முனைதான். நம்மூர் பாரவண்டிக்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி: பின்பாரமானால் நுகம் மேலே தூக்கிக் கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும், முன்பாரம் கூடினால் மாடு அழுந்திப்போகும். பிக்கப்புக்கும் அதே கணக்கு. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் டிரெய்லரை மாட்டுகிற ஹிட்ச் குண்டின்மேல் இறங்க வேண்டும். குறைந்தால், வேகம் ஏறியதும் டிரெய்லர் இடமும் வலமும் அலையத் தொடங்கி, இழுக்கிற வண்டியையே புரட்டிப்போடும். 1945இல் வாஷிங்டன் மாநிலத்து ரிட்ஜ்ஃபீல்டில் ஷோன் தம்பதி யு-ஹால் என்று வாடகை டிரெய்லர் விடத் தொடங்கினார்கள். அதற்கப்புறம் வீடு மாறுகிற எவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. 60 சதவீதச் சுமையை முன்பாதியில் ஏற்றுங்கள் என்று அந்தக் கம்பெனி இன்றும் சொல்கிறது.

இழுப்பதற்கு எஞ்சின் போதும். நிறுத்துவதற்கு ஏ.பி. வார்னர் வரவேண்டியிருந்தது. அவரும் அவருடைய சகோதரரும் சேர்ந்து தொழில் செய்தவர்கள். காருக்கு வேகமானி செய்து விற்றுப் பணம் பார்த்தார்கள். வேகத்தை அளந்து கொடுத்தவரே 1927இல் விஸ்கான்சினின் பிலாய்ட்டில் மின்சார பிரேக் கம்பெனி தொடங்கினார். டிரெய்லர் சக்கரத்தின் பிரேக் டிரம்முக்குள் ஒரு மின்காந்தம். மின்சாரம் வந்ததும் அது சுழலும் டிரம்மில் ஒட்டிக்கொண்டு கூடவே நகரப் பார்க்கும். அந்த நகர்வு ஒரு நெம்புகோலைத் தள்ள, பிரேக் ஷூ விரிந்து பிடிக்கும். டிரெய்லர் கழன்று ஓடினால் ஒரு மெல்லிய கம்பி ஒரு பின்னை உருவி, டிரெய்லரின் சொந்த பேட்டரியாலேயே பிரேக்கைப் பிடிக்க வைக்கும்.

டிரெய்லரைப் பிக்கப்போடு பிணைக்கும் பாதுகாப்புச் சங்கிலிகளைப் பலர் நேராக மாட்டுகிறார்கள்; எனக்கு எரிச்சலாக வரும். ஹிட்சுக்குக் கீழே குறுக்காக மாட்ட வேண்டும். குண்டிலிருந்து கழன்றால் டிரெய்லரின் மூக்கு தார்ச்சாலையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலியில் விழும்.

இவ்வளவும் வந்த பிறகும், ஒரு பிக்கப் எவ்வளவு இழுக்கும் என்பதை அதை விற்கிற கம்பெனியே தன் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஜே2807 என்ற பொது விதி வந்தபின் அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றத்தில், ஏசியை முழுதாக ஓடவிட்டு, 11.4 மைல் ஏறிக் காட்ட வேண்டும். முதலில் ஏற்றுக்கொண்ட டொயோட்டா 2011 டண்ட்ரா பிக்கப்பின் இழுவை எண்ணைக் குறைத்தே போட்டது. மற்ற பெரிய கம்பெனிகள் வழிக்கு வந்தது 2015 வாக்கில்தான். அந்தக் கணக்கிலும் வண்டிக்குள் இரண்டே பேர், தலைக்கு 150 பவுண்டு. அதாவது 68 கிலோ. எங்கள் வீட்டில் என் மகள் ஒருத்திதான் அதற்குள் வருவாள்.