டிங்கோ சிங், மேரி கோம்: குறைந்த எடைப் பிரிவின் இரு வெற்றியாளர்கள்

முன்னுரை

சல்லிக்கட்டுக்கும் கபடிக்கும் பேர்போன எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் குத்துச்சண்டை பார்த்து வளர்ந்தவர்கள் குறைவு. குத்துச்சண்டை வீரர் என்றால் ஆறடி உயரமும் பெருத்த தோள்களும் கொண்டவர் என்றே நம் மாணவர்கள் எண்ணுகிறார்கள். இந்தியாவில் இவ்விளையாட்டின் வரலாற்றைத் திருப்பிய இருவரோ 55 கிலோவுக்கும் குறைந்த எடையில் ஆடியவர்கள். ஒருவர் டிங்கோ சிங், மற்றவர் மேரி கோம். இருவரும் மணிப்பூர் மாநிலத்தவர். இவர்களுள் பெரியவர் யார் என்ற கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எடைப் பிரிவு என்பது என்ன?

கனத்த உடலும் மெலிந்த உடலும் மோதினால் அது நியாயமான போட்டி ஆகாது. ஆகவே குத்துச்சண்டையில் வீரர்களின் எடையைப் பார்த்து, ஒத்த எடையுள்ளவர்களையே மோதவிடுகிறார்கள். டிங்கோ சிங் 54 கிலோ எடையுள்ள பேண்டம்வெயிட் பிரிவில் ஆடினார். மேரி கோம் 45, 46, 48, 51 கிலோ என நான்கு பிரிவுகளில் ஆடினார். இந்தக் குறைந்த எடைகளில் ஒரே குத்தில் எதிராளி வீழ்வது அரிது. கால் வேகமும் கண் வேகமும் மூச்சுத் திறனுமே வெற்றியை முடிவு செய்யும்.

டிங்கோ சிங் (1979 – 2021)

நங்கோம் டிங்கோ சிங் இம்பால் கிழக்கு மாவட்டத்தின் செக்தா கிராமத்தில் பிறந்தவர். வறுமையால் அனாதை இல்லத்தில் வளர்ந்தார். இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சித் திட்டம் அவரைக் கண்டெடுத்தது. பத்து வயதிலேயே தேசிய சப்-ஜூனியர் பட்டம் வென்றார். பின்னர் இந்தியக் கடற்படையில் சேர்ந்தார்.

1998 டிசம்பரில் பாங்காக்கில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதற்கான இந்திய அணியில் முதலில் அவர் பெயர் இல்லை, பிறகே சேர்க்கப்பட்டார். அரையிறுதியில் தாய்லாந்தின் சொந்தயா வோங்பிரடேஸை, அவருடைய சொந்த மண்ணிலேயே, சொந்த ரசிகர்கள் முன்னிலையிலேயே வென்றார். இறுதிப்போட்டியில் உஸ்பெகிஸ்தானின் திமூர் துல்யகோவ் நான்காம் சுற்றுக்குப் பின் ஆட முடியாமல் விலகினார். 1982-ல் கவுர் சிங் வென்றபின், 16 ஆண்டுகள் கழித்து ஆசிய விளையாட்டில் இந்தியக் குத்துச்சண்டைக்குக் கிடைத்த தங்கம் அது.

2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் முதல் போட்டியிலேயே உக்ரைனின் செர்ஹி டானில்சென்கோவிடம் தோற்றார். தோற்கடித்தவர் அந்தப் பிரிவில் வெண்கலம் பெற்றவர் என்பதையும் சேர்த்தே இத்தோல்வியை எடைபோட வேண்டும். அதன்பின் காயங்கள் அவரது விளையாட்டு வாழ்வைச் சுருக்கின. பயிற்சியாளராகப் பணியாற்றினார். 2013-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கல்லீரல் புற்றுநோயுடன் சில ஆண்டுகள் போராடி, 2021 ஜூன் 10 அன்று 42 வயதில் காலமானார்.

மேரி கோம்

சுராசந்த்பூர் மாவட்டத்தின் காங்கதேய் கிராமத்தில், பிறர் நிலத்தில் உழைத்துப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவர் மேரி கோம். பள்ளியில் ஓட்டமும் ஈட்டி எறிதலும் அவர் விளையாட்டுகள். டிங்கோ சிங்கின் பாங்காக் தங்கம்தான் தன்னைக் குத்துச்சண்டைக்கு இழுத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். வீட்டுக்குத் தெரியாமல் பயிற்சி பெற்றார். 2000-ல் மாநிலப் பட்டம் வென்றபோது, நாளிதழில் வந்த படத்தைப் பார்த்துத்தான் தந்தைக்கே செய்தி தெரிந்தது.

பெண்களுக்கான முதல் உலகப் போட்டி 2001-ல் அமெரிக்காவின் ஸ்கிராண்டன் நகரில் நடந்தது. அதில் வெள்ளி வென்றார். பின்னர் 2002, 2005, 2006, 2008, 2010, 2018 ஆகிய ஆண்டுகளில் ஆறு உலகத் தங்கங்கள் பெற்றார். 2007-ல் இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயாகி, மறு ஆண்டே சீனாவின் நிங்போவில் தங்கம் வென்றார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலமும், 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் தங்கமும் பெற்றார். 35 வயதைக் கடந்தபின் 2018-ல் டெல்லியில் வென்ற ஆறாவது தங்கம், ஆண்கள் பிரிவில் கியூபாவின் பெலிக்ஸ் சவோன் படைத்த சாதனைக்கு நிகராக அவரை நிறுத்தியது. 2020-ல் பத்மவிபூஷண் விருது பெற்றார்.

ஒப்பீடு

பதக்கக் கணக்கு மட்டும் பார்த்தால் ஒப்பிடவே இடமில்லை. ஆனால் கணக்குக்குப் பின்னால் உள்ளதையும் பார்க்க வேண்டும்.

டிங்கோ தரப்பில் சொல்லத்தக்க வாதம் ஒன்று உண்டு. ஆண்கள் குத்துச்சண்டை நூறாண்டு பழமையுடையது. போட்டி மிகக் கடுமை. உலகப் போட்டியில் இந்திய ஆண்களுக்கு முதல் பதக்கம் 2009-ல்தான் விஜேந்தர் சிங் மூலம் வந்தது. அவர்கள் இதுவரை எட்டிய உச்சம் 2019-ல் அமித் பங்கால் பெற்ற வெள்ளி. பெண்கள் உலகப் போட்டியோ தொடக்க ஆண்டுகளில் சில நாடுகளே பங்கேற்ற புதிய களம். ஆகவே மேரி கோமின் முதல் தங்கங்களையும் டிங்கோவின் ஆசியத் தங்கத்தையும் ஒரே தராசில் வைக்கலாகாது என்பர்.

இதில் உண்மை உண்டு. ஆனால் அந்தப் புதிய களம் மேரி கோமுக்குச் சலுகையாக மட்டும் இருக்கவில்லை. ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை 2012-ல்தான் சேர்க்கப்பட்டது. அவர் இளமையில் உச்சத்தில் இருந்தபோது ஒலிம்பிக் கதவு அவருக்கு மூடியே இருந்தது. திறந்தபோதும் 51, 60, 75 கிலோ என மூன்றே பிரிவுகள். 46, 48 கிலோவில் உலகை வென்றவர் 51 கிலோவில் தன்னைவிட உயரமானவர்களோடு மோத நேர்ந்தது. 46 கிலோ உடலுக்கு ஐந்து கிலோ என்பது பத்தில் ஒரு பங்குக்கு மேல். அரையிறுதியில் அவரை வென்ற இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்ஸ்தான் அந்தப் பிரிவில் தங்கம் பெற்றார். இந்த நிலையில் கிடைத்த வெண்கலத்தைக் குறைத்து மதிப்பிட இயலாது. மேலும் களம் வளர்ந்து, பல நாடுகள் வந்தபிறகும் அவர் 2018-ல் வென்றார். முதல் தங்கத்துக்கும் ஆறாவதுக்கும் இடையே 16 ஆண்டுகள். எளிய களம் என்ற வாதம் இங்கே நிற்கவில்லை.

முடிவுரை

குத்துச்சண்டை வீரர் என்ற அளவில் மேரி கோமே பெரியவர் என்பது என் முடிவு. நீண்ட காலமும், எடை மாறியும் குன்றாத திறனும் அதற்குச் சான்று. ஆனால் டிங்கோவின் பெருமையைப் பதக்கப் பட்டியலில் தேடக்கூடாது. அவர் வென்ற பிறகுதான் மணிப்பூரின் சிறுவர் சிறுமியர் கையுறை அணிந்தால் உலகை எட்டலாம் என்று நம்பினார்கள். மேரி கோம் அவர்களில் ஒருவர். சரிதா தேவி மற்றொருவர்.

மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வரலாற்றில் இருவரை ஒப்பிடும்போது எத்தனை வென்றார் என்று எண்ணுவதோடு நிறுத்தக்கூடாது. எப்போது, யாரோடு, எந்தக் கதவு திறந்திருந்தபோது வென்றார் என்றும் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால், 1998-ல் பாங்காக்கில் ஒருவர் பெற்ற தங்கத்துக்கும் 2018-ல் டெல்லியில் மற்றவர் பெற்ற தங்கத்துக்கும் உள்ள தொடர்பு விளங்கும்.