பூனை திரையை விட்டு இறங்கிய கதை

மார்கழி மாதக் காலையில் மயிலாப்பூர் மாட வீதியில் கோலம் போடும் சிறுமியின் கையைக் கவனித்தால் ஒன்று புரியும். நேரே போ, திரும்பு, மறுபடியும் நேரே போ, அவ்வளவுதான்! 1967-இல் சேமோர் பேப்பர்ட்டும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் குழந்தைகளுக்காக உருவாக்கிய லோகோ என்ற கணினி மொழி, சில வருடங்களில் பிடித்துக் கொண்டதும் இதே வழியைத்தான். கட்டளைப்படி நகர்ந்து கோடு போட அதில் ஓர் ஆமை இருந்தது. அந்த ஆமை முதலில் ஒரு படம் அல்ல. தரையில் ஊர்ந்து பேனாவால் கோடு இழுத்த நிஜ எந்திரம். 1980-களில் வீட்டுக் கணினிகள் பெருகியபோதுதான் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது திரைக்குள் இருக்கும் ஆமையாகிப் போனது.

எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் மிட்சல் ரெஸ்னிக் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஸ்கிராட்சில் ஆமையின் இடத்துக்குப் பூனை வந்தது. கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டாம், வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தினால் போதும். எழுத்துப்பிழையால் நிரல் நின்று போகும் தொல்லை இல்லை. ஆனால் பூனையும் திரைக்குள்தான் இருந்தது.

அதை வெளியே அழைத்து வந்ததில் வெளியாட்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்கிராட்ச் 1.4 பதிப்பில், வேறு மென்பொருள்கள் வந்து பேசுவதற்கென்று 42001 என்ற எண்ணில் ஒரு வாசல் இருந்தது. 2010-இல் ஸ்பெயின் நாட்டு சிட்டிலேப், ஸ்கிராட்சையே மாற்றி அமைத்து ஆர்டுயினோ பலகையை இயக்கும் எஸ்4ஏ-வை வெளியிட்டது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு பலகையும் நான்கு ஒயரும் ஒரு எல்.இ.டி. விளக்கும் வாங்கினால், கட்டைகளை அடுக்கியே விளக்கை எரிய விடலாம் என்றானது!

அடுத்து வந்ததுதான் ஸ்கிராட்ச்எக்ஸ். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த எவரும் அதற்குப் புதிய கட்டைகளை, அதாவது நீட்சிகளை, எழுதலாம். ரோபோவை ஓட்டும் கட்டை, இணையத்திலிருந்து ஊரின் வெப்பநிலையைக் கேட்டு வாங்கும் கட்டை என்று பலர் எழுதினார்கள். ஆனால் அதன் அடித்தளம் ஃபிளாஷ். 2020 டிசம்பரோடு ஃபிளாஷ் முடிவுக்கு வந்தது, ஸ்கிராட்ச்எக்ஸும் அதோடு போயிற்று. ஊதியமின்றி உழைத்த எத்தனை பேரின் வேலை!

2019 ஜனவரியில் வந்த ஸ்கிராட்ச் 3.0-இல், தேர்ந்தெடுத்த நீட்சிகளுக்கே இடம். குழந்தைகள் புழங்கும் இடம் என்பதால் இந்தக் கட்டுப்பாடு நியாயம்தான், இழப்பும் உண்மைதான். மைக்ரோபிட், லெகோ கருவிகள் வந்தன. கூகுளின் மொழிபெயர்ப்பும், எழுத்தைக் குரலாக்கும் அமேசான் சேவையும் கட்டைகளாயின.

அதே 2019-இல் தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலும் ஸ்கிராட்ச் இடம்பிடித்தது. அங்கே சொல்லித் தரப்பட்டது மேடையும் பூனையும் கட்டைகளும்தான். ஒயர் இல்லை, மோட்டார் இல்லை. குரல் கட்டை விஷயமோ வேறு. அமேசானிடம் அப்போது இந்திக் குரல் இருந்தது, தமிழ்க் குரல் இல்லை. அந்தப் பூனையைத் தமிழில் பேச வைக்க விரும்பிய மயிலாப்பூர்ச் சிறுமி, மைக் முன்னால் உட்கார்ந்து தன் குரலையே பதிவு செய்து கொடுக்க வேண்டியிருந்தது.