நுணுக்குக்காட்டியும் வாய்க்காலும்: எகிப்தின் பில்ஹாசியா நோய் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நோயைச் சுமந்தவன் எந்நிலத்தில், எவருக்காக உழைத்தான் என்ற வினா அதில் எழுவது அரிது. எகிப்திய விவசாயியின் சிறுநீரிற் காணப்பட்ட ஒரு முட்டையின் வரலாறு இக்குறைபாட்டை நன்கு உணர்த்தவல்லது.

1851இல் கெய்ரோவிற் பணியாற்றிய யேர்மன் மருத்துவர் தியோடர் பில்ஹாஸ், பிணப் பரிசோதனையின்போது குருதிக்கலன்களில் வாழும் புழுவொன்றைக் கண்டார். இரத்தம் கலந்த சிறுநீருக்கும் அப்புழுவுக்குமுள்ள தொடர்பு விரைவிலேயே தெளிவாயிற்று. நோயை நிர்ணயிக்கும் முறை இன்றும் எளிமையானதே. நண்பகலையொட்டிப் பெற்ற சிறுநீரை அடையவிட்டோ வடித்தோ, எஞ்சுவதை நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கினால், ஒரு முனையில் முள்ளுடைய நீள்வட்ட முட்டைகள் தென்படும். பக்கவாட்டில் முள்ளுடைய முட்டை, பெரும்பாலும் மலத்திற் காணப்படும் பிறிதோரினத்துக்குரியது.

இந்நோய் மிகப் பழையது. 20ஆம் அரச மரபுக் காலத்துப் பதனிட்ட உடல்களின் சிறுநீரகங்களில் இம்முட்டைகள் இருந்தமையை மார்க் ஆர்மன்ட் ரஃபர் 1910இல் வெளிப்படுத்தினார். ஆயின், நோயின் தொன்மை அதன் பிற்காலப் பெருக்கத்தை விளக்கிவிடாது. நைல் வெள்ளத்தைத் தேக்கிப் பின் வடியவிடும் பழைய பாசன முறையில் வயல்கள் ஆண்டிற் பல மாதங்கள் உலர்ந்து கிடந்தன. பருத்திச் செய்கையின் பொருட்டு 19ஆம் நூற்றாண்டில் விரிவுபெற்ற நிரந்தரப் பாசனமும், பிரித்தானிய ஆதிக்கத்தின் கீழ் 1902இல் நிறைவுற்ற அஸ்வான் அணையும் வாய்க்கால்களில் ஆண்டு முழுவதும் நீர் நிற்கச் செய்தன. லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு சென்றது. வாய்க்கால்களில் நத்தைகள் பெருகின. நிரந்தரப் பாசனப் பகுதிகளிலேயே நோய் மிகுந்திருந்தமையை 1937இல் வெளிவந்த அலன் ஸ்கொட்டின் ஆய்வு காட்டிற்று.

நத்தையே இடைவிருந்து வழங்கி என்பதை 1915இல் எகிப்தில் நிறுவியவர் றொபேட் லெய்ப்பர். அவரை அங்கு அனுப்பியது பிரித்தானியப் போர் அலுவலகம். படையினரைக் காப்பதே அதன் உடனடி நோக்கம் என்பது மனங்கொள்ளத்தக்கது. நத்தையிலிருந்து வெளிவரும் குடம்பிகள் தோலைத் துளைத்து உடலினுட் புகுவனவாதலின், நீரில் இறங்காதே எனப் படைவீரனுக்குக் கட்டளையிடலாம். விவசாயிக்கோ நீரில் இறங்குவதே தொழில்.

1918இல் கிறிஸ்ரோபர்சன் கார்ட்டூமில் அந்திமனி ஊசிமருந்தின் பயனை அறிவித்தார். எகிப்தில் 1950களிலிருந்து 1980கள் வரை அம்மருந்து பெருந்தொகையினருக்கு ஏற்றப்பட்டது. சரிவரத் தூய்மை செய்யப்படாத ஊசிகள் ஈரலழற்சி 'சி' வைரசைப் பரப்பியமையை 2000இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. குணமடைந்தோரும் அதே வாய்க்காலுக்கே திரும்பினர், நோயும் திரும்பிற்று.

இவ்வாறு கூறுவது விஞ்ஞானத்தை மறுப்பதாகாது. வாய்வழி உட்கொள்ளும் பிரசிகுவாண்டெல் மருந்தும் நத்தை ஒழிப்பும் குடிநீர் வசதியும் பெருகியபின் எகிப்தில் இந்நோய் பெரிதும் அருகியுள்ளது. சகாராவுக்குத் தெற்கேயுள்ள வறிய கிராமங்களில் அது இன்னும் நிலவுகின்றது. முட்டையை இனங்காண நுணுக்குக்காட்டி போதும். அது ஏன் அந்த உடலில் இருக்கின்றதென அறிய, நீரையும் நிலத்தையும் உழைப்பையும் ஆண்டவர் எவர் என்பதையும் ஆராய்தல் வேண்டும்.