உயிருள்ளோர் சாசனம்: குயின்லன் வழக்கு முதல் லா குரோஸ் நகர் வரை

சாசனம் என்றதும் மரணசாசனமே எம் நினைவுக்கு வரும். காணியும் வீடும் எவரைச் சேரும் என்பதை அது கூறும். ஆயின் எழுதியவர் இறந்த பின்னரே அது பேசும். பேச்சும் நினைவும் இழந்து உயிர் மட்டும் எஞ்சியிருக்கும் காலத்துக்கும் ஒரு சாசனம் வேண்டும் என்ற கருத்தைச் சிக்காகோச் சட்டத்தரணி லூயிஸ் கட்னர் 1969இல் சட்ட ஏடொன்றில் விரித்துரைத்தார். அக்கருத்து பொதுமக்களை எட்டுவதற்கு ஒரு வழக்குத் தேவைப்பட்டது.

1975 ஏப்ரலில் நியூ ஜேர்சியைச் சேர்ந்த கரன் ஆன் குயின்லன் என்ற 21 வயது நங்கை மயங்கி வீழ்ந்தாள்; நினைவு மீளவில்லை. சுவாசக் கருவியை அகற்றுமாறு பெற்றோர் வேண்டினர்; வைத்தியர் மறுத்தனர். 1976 மார்ச்சில் அம்மாநில உயர் நீதிமன்றம் தந்தைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. கருவி அகற்றப்பட்ட பின்னரும் அவள் 1985 வரை உயிரோடிருந்தாள் என்பது பலர் மறந்துவிட்ட செய்தி.

தீர்ப்பு வெளிவந்த ஆண்டிலேயே கலிபோர்னியா இத்துறையில் முதற் சட்டத்தை இயற்றியது. அதன் விதியொன்று வியப்புக்குரியது. தீராநோய் எனக் கண்டறியப்பட்டு 14 நாள் கழிந்த பின் ஒப்பமிட்ட பத்திரமே வைத்தியரைக் கட்டுப்படுத்தும்! குயின்லனைப் போன்று திடீரென வீழ்ந்தோர்க்கு அதனாற் பயன் யாது? எவரது துயரம் சட்டத்துக்கு வழிகோலியதோ அவர் போன்றோரையே அது கைவிட்டது.

1983இல் வாகன விபத்தில் நினைவிழந்த நான்சி குரூசன் வழக்கில், நோயாளியின் விருப்பத்துக்குத் தெளிவான சான்று கோர மிசூரி மாநிலத்துக்கு உரிமை உண்டென ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1990இல் தீர்த்தது. தோழியரிடம் எப்போதோ கூறிய சொற்கள் போதா என்பதே இதன் பொருள். அதே ஆண்டு நிறைவேறிய சட்டம், நோயாளர்க்கு இவ்வுரிமையை எடுத்துரைக்கும் கடமையை வைத்தியசாலைகள் மீது சுமத்தியது. எனினும், அனுமதிக்கப்படும் வேளையில் நீட்டப்படும் ஒரு தாளை அச்சத்திலிருப்பவர் எங்ஙனம் நிதானமாக வாசிப்பார்?

விஸ்கொன்சின் மாநிலத்து லா குரோஸ் நகர் வேறு வழி கண்டது. குருதிச் சுத்திகரிப்புச் சிகிச்சை பெற்ற நோயாளர் சிலர் பேசவியலா நிலையை எய்தியபோது, அவர்தம் விருப்பம் யாதென உறவினர் திகைத்தமையே தொடக்கம். மருத்துவ ஒழுக்கவியலாளர் பேர்னாட் ஹம்மஸ் முன்னின்றார். 1991 முதல் நகரின் வைத்திய நிறுவனங்கள் ஒன்றுகூடின; நோய் முற்றுமுன் குடும்பத்தாரோடு அமர்ந்து உரையாடுவதற்குப் பலர் பயிற்றப்பட்டனர். பத்திரம் பின்னர் வந்தது. பேச்சே முன்னர் வந்தது.

1995-96இல் அங்கு இறந்த 540 பேரை ஆராய்ந்தபோது 85 சதவீதத்தினர் எழுத்துமூல விருப்பம் விட்டுச் சென்றிருந்தனர். அப்பத்திரங்களுள் 95 சதவீதமானவை அலுமாரியில் உறங்காது, வைத்தியர் கைக்கெட்டும் நோயாளர் பதிவேட்டிலேயே இருந்தன.